நண்பனின் சிவிக் சில்லு என் கோல்ஃபுக்குச் சரிவருமா?

கேள்வி: அண்ணை, நான் ரொறன்ரோவுக்குக் கிட்ட, பிக்கறிங்கில் இருக்கிறேன். போன ஆனியில் 2017 ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.ரி.ஐ. ஒன்று பாவித்ததாக வாங்கினேன். 18 அங்குல றிம், 225/40 ரயர். ரயரின் பக்கத்தில் எம்+எஸ் (சேறு, ஸ்நோ) என்று எதுவும் போடவில்லை. விடிய ஐந்து மணிக்கு 401 நெடுஞ்சாலையில் ஏறி மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகிறேன். மாதத்தில் ஒருக்கால் மொன்றியலில் இருக்கும் அக்கா வீட்டுக்கும் போவேன். இந்தக் காரோடு இதுதான் முதல் வின்ரர். என் நண்பன் தன் ஹொண்டா சிவிக்கை விற்றுவிட்டு, அதன் 16 அங்குல இரும்பு றிம்மையும் வின்ரர் ரயரையும் நாலாக 350 டொலருக்குத் தருகிறேன் என்கிறான். "உனக்கும் அஞ்சு போல்ட், எனக்கும் அஞ்சு போல்ட், ஏறும்" என்கிறான். எனக்கோ காரின் வடிவு கெடாமல் 18 அங்குலமே போட ஆசை. அப்பா, "முன்னுக்கு ரெண்டு போட்டால் காணும், நாங்கள் இருபத்தைஞ்சு வருசம் ஓடேல்லையா" என்கிறார். எந்த றிம், எந்த ரயர் வாங்கட்டும்?

பதில்: தம்பி, முதலில் அந்த 350 டொலரைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். சிவிக் சில்லுகள் உங்கள் காருக்கு ஏறாது. இன்னும் சரியாகச் சொன்னால், ஏறுவது மாதிரி இருக்கும். ஆபத்தே அதில்தான்.

ஸ்காபரோவில் கராஜ் திறந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. கார்த்திகை பிறந்தால் இந்தக் கதை ஒன்றிரண்டு தரமாவது என் வாசலுக்கு வரும். உங்கள் நண்பர் போல்ட்டை எண்ணுகிறார். நான் அந்த ஐந்தும் நிற்கிற வட்டத்தைப் பார்க்கிறேன். கோல்ஃபில் அந்த வட்டத்தின் குறுக்களவு 112 மில்லிமீற்றர், சிவிக்கில் 114.3. ஐந்து ஓட்டை என்பதால் நேர் எதிரே ஓட்டை இல்லை, குறுக்கே ரேப் பிடித்து அளக்கவும் முடியாது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளை நடுவில் இருந்து நடுவுக்கு அளந்தால் கோல்ஃபில் 65.8 வரும், சிவிக்கில் 67.2. ஒன்றரை மில்லிமீற்றர்கூட இல்லாத வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரியும்? முதல் போல்ட் நல்ல பிள்ளையாகப் போகும். இரண்டாவதும் போகும். நாலாவது கொஞ்சம் சரிந்து நின்று திமிறும். காற்றுத் துவக்கை வைத்து அழுத்தினால் அதுவும் போய்விடும். பார்க்கிறவர் கண்ணுக்குச் சில்லு பூட்டியாகிவிட்டது.

போன வின்ரர் ஒரு பெடியன் ஜெற்றா ஒன்றில் இப்படிப் பூட்டிக்கொண்டு வந்தான். "அண்ணை, தொண்ணூறில ஸ்ரியறிங் நடுங்குது, பலன்ஸ் பண்ணி விடுங்கோ" என்றான். சில்லைக் கழற்றிப் பார்த்தேன். ஓட்டைகளின் விளிம்பில், ஒரு பக்கத்தில் மட்டும், நகக்கண் அளவில் பளபள என்று தேய்ந்த பிறை. ஐந்து போல்ட்டில் இரண்டு என் விரலுக்கே சுழன்றன. பலன்ஸ் பண்ண அதில் ஒன்றும் இருக்கவில்லை. அவன் அந்தச் சில்லில் பத்து நாள் 401இல் ஓடியிருக்கிறான்.

வட்டம் மட்டுமல்ல பிரச்சினை. உங்கள் காரின் ஹப்பில், அதாவது சில்லு பூட்டுகிற தட்டில், நடுவே ஒரு மேடு இருக்கிறது, 57.1 மில்லிமீற்றர். றிம்மின் நடு ஓட்டை அதில் போய் உட்கார்ந்து சில்லை மையத்தில் நிறுத்தும், போல்ட் இறுக்கிப் பிடிக்கும். சிவிக் றிம்மின் நடு ஓட்டை 64.1. உங்கள் ஹப்பில் அதை மாட்டினால் சுற்றிவர மூன்றரை மில்லிமீற்றர் வெளி. கோல்ஃபின் போல்ட் 14 மில்லிமீற்றர் தடிப்பு, கழுத்து பந்து மாதிரி உருண்டை. சிவிக்கிலோ ஹப்பிலேயே நிற்கிற 12 மில்லிமீற்றர் ஸ்ரட்டும் அதில் ஏறும் நட்டும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. நண்பரிடம், இன்னொரு சிவிக்காரருக்கு விற்கச் சொல்லுங்கள், அவருக்கு அது நல்ல விலை.

பாவித்த சில்லு வாங்குவதே பிழை என்று நான் சொல்லவில்லை. உங்கள் காருக்கு நல்ல செய்தியும் இருக்கிறது. 2011இல் இருந்து 2018 வரை வந்த ஜெற்றா, உங்கள் தலைமுறையின் சாதாரண கோல்ஃப், ஔடி ஏ3, எல்லாம் 5×112, நடு ஓட்டை 57.1. அவற்றின் கொம்பனி றிம் வாங்கினால் உங்கள் சொந்தப் போல்ட்டே சரி. பழைய நாலாம் தலைமுறை கோல்ஃபும் ஜெற்றாவும் 5×100. விளம்பரத்தில் "வீடபிள்யூ றிம்" என்று மொட்டையாகப் போட்டிருந்தால் எந்த வருடக் காரில் இருந்து கழற்றியது என்று கேளுங்கள். வெளிக் கொம்பனிகளின் றிம் என்றால் கதை மாறும். அவற்றுக்குப் பெரும்பாலும் கூம்புக் கழுத்துப் போல்ட் வேண்டும். உருண்டைக் கழுத்தைக் கூம்பு ஓட்டையில் போட்டு இறுக்கினால் ஒரு நூல் அளவு வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், இறுக்கின மாதிரி, இறுக்கத்தை அளக்கிற ரோர்க் றெஞ்ச் 'டிக்' என்றும் சொல்லும், பிறகு தளரும். நடு ஓட்டையும் பெரிதாக இருந்தால் வளையம் போட்டு நிரப்ப வேண்டும். அந்த வளையம் பிளாஸ்ரிக்கில் இருப்பதே எனக்கு விருப்பம். அலுமினிய வளையம் இந்த ஊர் உப்பில் ஹப்போடு ஒட்டிப் பிடித்துவிடும், சித்திரையில் சுத்தியல் எடுக்க வேண்டி வரும்.

இனி அப்பா. அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். அந்தக் காலத்தில் எங்களில் பலர் அப்படித்தான் ஓடினோம். நானும் ஓடினேன், அதனால்தான் சொல்கிறேன். கனடா வந்து இரண்டாவது வின்ரர், ஒரு பழைய கொறோலா. முன்சில்லு இழுக்கிற கார், ஆகவே முன்னுக்கு இரண்டு ஸ்நோ ரயர், பின்னுக்கு மொட்டை. டொன் வலி பார்க்வேயால் இறங்கும் வளைவில் கால் கொஞ்சம் அக்சிலறேற்றரில் இருந்து எடுபட்டது. அவ்வளவுதான். முன்பக்கம் றோட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டது, பின்பக்கம் பிடிக்கவில்லை. கார் என்னைக் கேட்காமல் திரும்பி, நான் வந்த பாதையையே எனக்குக் காட்டியது. பின்னால் வாகனம் வராததால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். முன்னுக்கு மட்டும் நல்ல ரயர் போட்டால் கார் புறப்படும்போது திறமாக இருக்கும், அதனால் நம்பிக்கை வரும். ஏமாற்றுவது அந்த நம்பிக்கைதான். உங்கள் ஜி.ரி.ஐ.யின் பின்பக்கம் பாரம் குறைந்தது, பிறேக் பிடித்தால் இன்னும் இலேசாகும். நாலும் ஒரே ரகம், ஒரே வயது. இதில் பேரம் இல்லை.

அப்பாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். அவர் இருபத்தைந்து வருடம் பின்னுக்கு வைத்து ஓடியது ஓல் சீசன் ரயர். உங்களிடம் இருப்பது அதுவும் அல்ல. எம்+எஸ் அடையாளம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் முன்பு வைத்திருந்தவர் கோடை ரயர் போட்டிருக்கிறார். ஆவணியில் அதைவிட நல்ல ரயர் கிடையாது. காற்று 7 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் அந்த ரப்பர் விறைக்கத் தொடங்கும். ஸ்நோ விழ வேண்டும் என்றில்லை, காய்ந்த றோட்டிலேயே பிடி குறையும். கடுங்குளிரில் அதை உருட்டினாலே ரப்பரில் வெடிப்பு வரலாம் என்று ரயர் கொம்பனிகளே எச்சரிக்கின்றன. ஆகவே முதல் ஸ்நோவைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுகிற ஆளாக இருக்காதீர்கள். அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே என் ரெலிபோன் சூடாகிவிடும், இரண்டு கிழமைக்கு இடம் இருக்காது. எங்கள் ஆட்களுக்கு நான் சொல்கிற கணக்கு இதுதான்: தீபாவளிக்குப் பூட்டுங்கள், சித்திரை வருடப்பிறப்புக்குக் கழற்றுங்கள். ரொறன்ரோக் காலநிலைக்கு இந்த இரண்டு நாளும் அளந்து வைத்த மாதிரி.

சரி, எத்தனை அங்குலம்? வடிவைப் பற்றிக் கேட்டீர்கள். 18 அங்குலத்தில் வின்ரர் ரயர் கிடைக்கும், போடலாம், சட்டப் பிழையும் இல்லை. ஆனால் 225/40 ரயரின் பக்கச் சுவர் 90 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட நாலு விரல் அகலம்தான். மாசியில் ஒருநாள் உருகி, அடுத்தநாள் உறைந்து, மூன்றாம் நாள் 401இன் வலது லேனில் ஒரு சட்டி அளவு குழி விழும். விடிய ஐந்து மணிக்கு, அதில் சேற்றுத் தண்ணீர் நிரம்பி மட்டமாக நிற்கும்போது, உங்களுக்கு அது தெரியவே தெரியாது. நாலு விரல் ரப்பர் அந்த இடியை வாங்காது, றிம்தான் வாங்கும். பங்குனி மாதத்தில் என் கராஜில் வளைந்து நிற்கிற றிம்களில் 18ம் 19ம்தான் கூட. 17 அங்குலத்தில் 225/45 என்றால் பக்கச் சுவர் 101 மில்லிமீற்றர். 16 அங்குலத்தில் 205/55 என்றால் 113. உயரக் கணக்குப் பார்த்தால் உங்கள் இப்போதைய சில்லு 637 மில்லிமீற்றர், அந்த 17 அங்குலம் 634, 16 அங்குலம் 632. மூன்றுக்கும் இடையே ஒரு வீதம்கூட வித்தியாசம் இல்லை, ஆகவே வேகமானி பிழைக்காது.

என் கட்சி எப்போதும் ஒன்று: பிறேக்கில் முட்டாத மிகச் சிறிய றிம்மை எடு, மிச்சக் காசை ரப்பரில் போடு. உங்கள் காரில் எது மிகச் சிறியது என்பதை முன் பிறேக் தட்டு தீர்மானிக்கும். இந்தத் தலைமுறை ஜி.ரி.ஐ.யில் இரண்டு வகை வந்தது. ஒன்றில் முன்தட்டு 312 மில்லிமீற்றர், மற்றதில் 340. சின்னத் தட்டு என்றால் 16 அங்குலம் போகும். பெரிய தட்டு என்றால் 17க்குக் கீழே நினைக்க வேண்டாம். பிறேக் கலிப்பர் (தட்டைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) சிவப்பாக இருக்கிறது, ஆகவே பெரியது என்று முடிவெடுக்காதீர்கள், சின்னதிலும் சிவப்புத்தான் அடித்தார்கள். றிம்மின் கம்பிகளுக்கு ஊடாக ரேப்பை விட்டு அளந்து பாருங்கள். 31 சென்ரிமீற்றரா 34ஆ என்று தெரிந்தால் போதும். எது வாங்கினாலும் ரயர் ஏற்றுவதற்கு முன் வெறும் றிம்மை முன்னுக்கும் பின்னுக்கும் ஒருக்கால் பூட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. ரயர் ஏறி, பலன்ஸ் ஈயம் ஒட்டி, பிறகு கலிப்பரில் உரசுகிறது என்றால் எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுக்கமாட்டார்.

றிம்மில் 'ஈ.ரி.' என்று ஒரு இலக்கம் அடித்திருக்கும். றிம்மின் நடுக்கோட்டில் இருந்து ஹப்பைத் தொடும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. உங்களுக்கு 45இல் இருந்து 50க்குள் இருக்கட்டும். 35ஐ வாங்கினால் சில்லு வெளியே தள்ளி நிற்கும். பெடியளுக்கு அது வடிவுதான், ஆனால் வின்ரர் முழுக்கக் கதவு உப்பிலும் சேற்றிலும் குளிக்கும்.

இரும்பா அலோயா என்று எழுதவில்லை, ஆனால் கேட்பீர்கள். இரும்பு வளையும், தட்டி எடுக்கலாம். அலோய் சில நேரம் வெடிக்கும். இரும்பு மலிவு, துருவைப் பார்த்து மனம் நோகாது. 16 என்றால் இரும்பு வாங்குங்கள். 17இல் இரும்பு தேடி அலைவது மினைக்கேடு, சாதாரண அலோய் ஒன்றே நல்லது. கம்பி தடித்து, இடைவெளி அகன்றதாகப் பாருங்கள். கம்பிகளுக்குள் ஸ்நோ அடைத்து உறைந்தால் சில்லு பலன்ஸ் இழந்து ஆடும். அப்படி ஆடினால் எனக்குக் கோல் எடுக்காமல், கார் கழுவுகிற இடத்துக்கு ஓட்டிப்போய் உள்பக்கத்துக்குத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். பாதிப்பேருக்கு நோய் அதோடு தீர்ந்துவிடும்.

இப்போது ரப்பர். வின்ரர் ரயர் என்று ஒரே பெயரில் இரண்டு சாதி விற்கிறார்கள். ஒன்று ஜேர்மன் ஓட்டோபான் பக்கத்துக்குச் செய்தது: ஈரம், சேறு, கொஞ்சம் ஸ்நோ, கூடிய வேகம். மிஷெலின் பைலற் அல்பின், பிறெல்லி சொற்றோசீறோ எல்லாம் அந்தப் பக்கம். ஸ்ரியறிங் இறுக்கமாக இருக்கும், ஜி.ரி.ஐ. ஜி.ரி.ஐ. மாதிரியே ஓடும். மற்றது வடக்கு நாட்டுக் குளிருக்கும் ஐஸுக்கும் செய்தது: மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்நோ, நோக்கியன் ஹக்கபெலீட்டா ஆர்5, கொன்ரினென்ரல் வைக்கிங் கொன்ராக்ட் 7, பிறிட்ஜ்ஸ்ரோன் பிளிசாக். ரப்பர் மெத்தென்று இருக்கும். றோட்டைத் தொடுகிற ரப்பர் கட்டைகள் முழுவதும் கத்தியால் கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள். ஐஸின் மேல் நிற்கிற மெல்லிய தண்ணீர்ப் படையை அந்த வெட்டுகள் வாங்கிக்கொண்டால்தான் ரப்பர் ஐஸைத் தொடும். சறுக்குவதற்குக் காரணம் ஐஸ் என்பதைவிட அந்தத் தண்ணீர் என்பதுதான் சரி. அதனால்தான் கழித்தல் 15இல் இருக்கிற ஐஸைவிடச் சைபரில் இருக்கிற ஐஸ் கூடச் சறுக்கும், ரொறன்ரோ வின்ரரில் பாதிநாள் அந்தச் சைபரைச் சுற்றித்தான் நிற்கிறது.

ஆணி இல்லாத இந்த ஐஸ் ரயரின் கதையில் யப்பானுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஆணி ரயர் காய்ந்த றோட்டைக் கிளறி ஊரெல்லாம் தூசியாக்கியது. 1990இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். பிளிசாக் 1988இல் வந்தது, தேன்கூடு மாதிரி நுண்துளை உள்ள ரப்பரோடு. எங்கள் ஒன்ராறியோவிலும் ஆணி ரயருக்கு வடபகுதி ஆட்களுக்கு மட்டும்தான் அனுமதி. பிக்கறிங்கில் இருக்கிற உங்களுக்கு அந்தத் தெரிவே இல்லை.

நீங்கள் டவுன்ரவுனில் இருந்து, பத்து மணிக்கு உப்புப் போட்டுத் துடைத்த றோட்டில் மட்டும் ஓடுகிறவராக இருந்தால் முதல் சாதியை வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். உங்கள் ஓட்டம் வேறு. விடிய ஐந்து மணிக்கு ஏறுகிற றாம்பில் உப்பு லொறி உங்களுக்குப் பிறகும் வரலாம். கடுங்குளிரில் உப்பும் சோம்பிவிடும். அதோடு கிங்ஸ்ரனைத் தாண்டி மொன்றியல் வரைக்கும் திறந்த வெளி, பக்கக் காற்று றோட்டுக்குக் குறுக்கே ஸ்நோவை இழுத்துக்கொண்டு போகும். உங்களுக்கு இரண்டாவது சாதிதான். சொன்ன நாலில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். பெடியள் இரவிரவாக வீடியோ பார்த்து நாலுக்கும் இடையே மூன்று மீற்றர் வித்தியாசம் தேடுகிறார்கள். தேய்ந்த ரயருக்கும் புது ரயருக்கும் இடையே இருக்கிற வித்தியாசம் அதைவிடப் பெரியது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பூட்டின முதல் கிழமை உங்களுக்குக் கவலை வரும். லேன் மாற்றும்போது கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும், புட்டு மாவில் கை வைத்த மாதிரி. உங்கள் எஞ்சினின் இழுவை தாழ்ந்த சுற்றிலேயே முழுதாக வந்துவிடுகிறது, 350 நியூற்றன் மீற்றர். சிக்னலில் காலை அழுத்தினால் முன்சில்லு சுழன்று டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னும். ரயர் பிழையில்லை, காலை மெதுவாக வையுங்கள். புது ரயர் முதல் சில நூறு கிலோமீற்றருக்கு முழுப் பிடியும் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்கும்போது பக்கச் சுவரில் மூன்று முகட்டு மலையும் அதற்குள் ஒரு ஸ்நோப் பூவும் இருக்க வேண்டும். எம்+எஸ் என்ற எழுத்து தவாளிப்பின் அமைப்பைச் சொல்வது மட்டுமே, அதற்குப் பரீட்சை கிடையாது. மலைக்குப் பரீட்சை உண்டு, அதுவும் இறுகின ஸ்நோவில் இழுவை பார்க்கிற பரீட்சை. ஐஸில் பிறேக் பிடித்துப் பார்ப்பது அதில் இல்லை. ஆகவே மலை இருந்தால் பாஸ் என்று அர்த்தம், முதலாம் பிள்ளை என்று அர்த்தம் இல்லை. வருடம் முழுக்கப் பூட்டி ஓடலாம் என்று 'ஓல் வெதர்' பெயரில் விற்கிற ரயர்களிலும் அந்த மலை இருக்கிறது. சில்லு வைக்க இடம் இல்லாத கொண்டோ ஆட்களுக்கு நானே அதைச் சொல்வதுண்டு. ஜி.ரி.ஐ. வைத்திருக்கிறவருக்கு அது கோடையிலும் அரைகுறை, வின்ரரிலும் அரைகுறை.

பாரச் சுட்டெண்ணையும் பாருங்கள். உங்கள் அளவு 225/40/18இல் வழக்கமாக 92 என்று இருக்கும், ஒரு சில்லுக்கு 630 கிலோ. 205/55/16இல் 91ம் வரும், 94ம் வரும். 225/45/17இலும் அப்படியே. 94 எக்ஸ்எல் என்று கேட்டு வாங்குங்கள், 670 கிலோ தாங்கும். ரயரின் பிறந்த தேதி பக்கச் சுவரில் நாலு இலக்கமாக இருக்கும்: 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை. பாவித்த ரயர் என்றால் அந்த இலக்கமும் தவாளிப்பின் ஆழமும்தான் விலை. ஒன்ராறியோச் சட்டம் 1.5 மில்லிமீற்றர் வரை விடும். ஆனால் 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்த ரயரை ஸ்நோவில் ஓட்ட வேண்டாம் என்பது மத்திய போக்குவரத்துத் திணைக்களத்தின் அறிவுரை. புதிதில் அது எட்டு, ஒன்பது மில்லிமீற்றர் இருக்கும்.

மொன்றியல் விடயம்: கியூபெக்கில் மார்கழி (டிசம்பர்) 1இல் இருந்து பங்குனி (மார்ச்) 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம், இல்லையென்றால் 200 டொலரில் இருந்து தண்டம். அது அங்கே பதிந்த வாகனங்களுக்கு. உங்கள் பிளேற் ஒன்ராறியோ, பொலிஸ் இதற்காக மறிக்கமாட்டார்கள். ஆனால் சுற்றிவர ஓடுகிற எல்லாக் காரும் சட்டென்று நிற்கக்கூடிய ரயரில் இருக்கும்போது நிற்காத ஒரே கார் உங்களுடையதாக இருக்கக்கூடாது. ஒன்ராறியோவில் சட்டம் இல்லை, சலுகை இருக்கிறது. 2016 தையில் (ஜனவரியில்) இருந்து எல்லா இன்சூரன்ஸ் கொம்பனியும் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். தாங்களாகத் தரமாட்டார்கள். ரெலிபோன் எடுத்துக் கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பூட்டும்போது போல்ட் இறுக்கம் 120 நியூற்றன் மீற்றர், நூறு கிலோமீற்றர் ஓடியபின் திரும்ப ஒருக்கால் பார்க்க வேண்டும். ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் துடைத்து, கிறீஸ் மாதிரியான அன்ரி-சீஸை மெல்லிசாகப் பூசலாம். போல்ட்டின் மரையில் பூசக்கூடாது. பூசினால் அதே 120இல் போல்ட் அளவுக்கு மிஞ்சி இழுபடும். உங்கள் காரில் காற்று எச்சரிக்கை சில்லுக்குள் இருக்கிற சென்சரால் வேலை செய்வதில்லை. ஏ.பி.எஸ். மூலம் நாலு சில்லும் சுழல்கிற வேகத்தை ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. அதனால் புது றிம்முக்குச் சென்சர் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். காற்று நிரப்பினபின் மெனுவில் போய் 'செற்' பண்ணினால் போதும். காற்றை வெளிக்குளிரில் நின்ற ரயரில் அளவுங்கள். 20 பாகைச் சூட்டில் கராஜுக்குள் 35 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டுக் கழித்தல் 15க்குள் போனால் ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. காணாமல் போயிருக்கும். ஓட்டை இல்லை, குளிர்.

பாவித்த கார் என்பதால் இன்னொரு வேலை. ஒவ்வொரு சில்லிலும் ஒரு போல்ட் மட்டும் வேறு மாதிரித் தலையோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது களவு போகாமல் இருக்கப் போட்டது. அதைக் கழற்றும் சின்னத் திறப்பு காருக்குள் எங்கேயாவது, பெரும்பாலும் பின்பக்கத்தில் ஸ்பெயார் சில்லுக் குழிக்குள் இருக்கும். வேலைக்கு வந்த அன்று அதைத் தேடி டிக்கியைக் கொட்டிக் கிளறிய ஆட்களை எனக்குத் தெரியும். இன்றைக்கே எடுத்துக் கையுறைப் பெட்டியில் போடுங்கள்.

அதோடு ரேப்பையும் எடுத்துக்கொண்டு போய் முன் பிறேக் தட்டை அளவுங்கள். 31 என்றால் 205/55/16, இரும்பு. 34 என்றால் 225/45/17, அலோய். அளவு இரண்டுக்கும் நடுவில் வந்து குழப்பினால், சில்லைக் கழற்ற வேண்டாம், ரேப்பைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.